கறுப்பு மணல் சுடுமா?

ரொறன்ரோ விமான நிலையத்தில் எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்த அந்தப் பெண்மணியின் பெயர் எனக்குத் தெரியாது. நரைத்த குட்டை முடி. ஒவ்வொருவரையும் கூப்பிடுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடியக் குடியுரிமை கிடைத்ததும் நானும் மனைவியும் வாழ்க்கையில் முதன்முறையாக, சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் போய்த் திரும்பியிருந்தோம். கிரேக்க நாட்டு எரிமலைத் தீவான சந்தோரினிக்கு. எங்கள் முறை வந்ததும் கடவுச்சீட்டுகளோடு, அகதி விண்ணப்பத்திலிருந்து குடியுரிமைச் சான்றிதழ் வரை திணித்துவைத்த பிளாஸ்டிக் பையையும் நீட்டினேன்.

"உதெல்லாத்தையும் ஏன் குடுக்கிறியள்? பாஸ்போட்டை மட்டும் காட்டினாக் காணும்," என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"கேட்டா என்ன செய்யிறது? கிடக்கட்டும்."

பெண்மணி பையைத் திறக்கவேயில்லை. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, எங்கே போய்வருகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சந்தோரினி என்றதும் அடுத்த கேள்வி: "அங்கே கடற்கரை மணல் கறுப்பாமே, காலைச் சுடுமா?"

அதற்கு எட்டு வருடங்களுக்கு முன், அகதியாக வந்திறங்கியபோது, இதே மண்டபத்தில் யார் அனுப்பியது, ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். ஒவ்வொரு பதிலையும் ஒற்றைச் சொல்லில் முடித்தேன். இந்தக் கேள்விக்கோ கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னேன். வெள்ளை வீடுகள், கருகிய மலை, மத்தியானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் துள்ளிய துள்ளல், எல்லாம். பின்னால் வரிசை நீண்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எந்தப் பயணத்துக்கும் நான் அந்தப் பையைக் கொண்டுபோகவில்லை. அவர் அந்தத் தீவுக்குப் போனாரோ தெரியாது. போயிருந்தால் செருப்போடுதான் நடந்திருப்பார்.