கறைக்கு உத்தரவாதம் இல்லை

"தோல் இல்ல மாப்ளே. ரெக்சின்."

திரையில் சீமாட்டி அழுதுகொண்டிருந்தாள். பல வருடம் காத்திருந்த காதலன் கப்பலேறிவிட்டான் என்ற கடிதம் வெள்ளித் தட்டில் வந்திருந்தது. அவள் கையுறையைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தாள். அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. அத்தான் மட்டும் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலா இருந்தா ஈரம் பட்ட இடம் கறுத்திருக்கும். இது அப்படியே வழியுது பாரு."

என் அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நான்கு புள்ளி கூட்டினாள். அத்தானும் குரலை நான்கு புள்ளி கூட்டினார்.

அத்தான் ட்ரை கிளீனிங் கடைக்காரர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. கோட்டு, கம்பளி, திரைச்சீலை, மணப்பெண் உடுப்பு என்று ஊரார் அழுக்கெல்லாம் அந்தக் கதவு வரை வந்து நிற்கும். கறையைப் பார்த்த மாத்திரத்தில் காப்பியா, ரத்தமா, பேனா மையா என்று சொல்லிவிடுவார். யாருடன் இருந்தபோது பட்டது என்பதையும் சொல்லக்கூடியவர்தான். தொழில் தர்மம் கருதி அதை என்னிடம் மட்டும் சொல்வார். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போன்ற தடிமனில் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது நானா பீரோவா என்று அவருக்குத் தெரியாது. போட்டுக்கொண்டால் பீரோவில் இருக்கும் கைரேகை தெரியும்.

ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. "போயிடுமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "பாக்குறேன். சொல்ல முடியாது" என்பார். நேற்று பட்ட குழம்புக்கும் அதே பதில். 'கறை நீங்க உத்தரவாதம் இல்லை' என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருக்கிறார். ரசீது தவறாமல் அதைக் குத்துவது அக்காவின் வேலை. காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை வரை அவள் கல்லாவில் நின்று, வருகிற துணியின் பாக்கெட்டைத் துழாவி, அக்குளை முகர்ந்து பார்த்து, ஸ்டாம்பு குத்துகிறாள்.

ஏழு மணிக்குத் தொடர். நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த மூன்று பெரிய பணக்காரக் குடும்பங்களின் கதை. அந்த மூன்று குடும்பத்திலும் ஒருவருக்கும் வேலை கிடையாது. காலைக்கு ஓர் உடை, மதியத்துக்கு ஓர் உடை, குதிரையைப் பார்க்கப் போக ஓர் உடை, மனம் உடைந்தால் அதற்கென்று தனியாக ஓர் உடை. மாடிப்படி இறங்கவே ஒரு விளம்பர இடைவேளை ஆகும். மேசையில் நாற்பது தட்டு வைப்பார்கள். யாரும் சாப்பிட மாட்டார்கள். இந்தப் பஞ்சப்பாட்டைப் பார்த்து அக்காவும் மாடி வீட்டு டீச்சரும் இரண்டு வருடமாக உருகிக்கொண்டிருக்கிறார்கள். நான் சாப்பாட்டுக்காகப் போகிறவன். அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்குக் கதையில் துளியும் அக்கறை இல்லை. பெரிய பிரபு மாரடைப்பில் சாய்ந்தபோது, "அந்தக் கம்பளத்துல விழுறாரே, தண்ணி விட்டு அலசினா சுருங்கிப் போயிடுமே" என்று பதறினார். இரண்டாவது மகன் போரிலிருந்து திரும்பியபோது, சேறு போகத் துவைத்து இஸ்திரி போட்ட சீருடை யார் கைவேலை என்று பாராட்டினார். இதையெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

பொறுக்க முடியாமல் போனது அரக்கு விஷயத்தில்தான். மூத்த மகளின் காதல் கடிதத்தைத் திருடி ஒளித்தது யார் என்பதுதான் அப்போது கதையின் உயிர்நாடி. டீச்சர் சமையல்காரியைச் சந்தேகப்பட்டாள். அக்கா சித்தப்பாவைச் சந்தேகப்பட்டாள். இரவில் இருவரும் போனில் கூடிப் பேசிப் புலன் விசாரணை செய்தார்கள். அத்தான் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "தங்கச்சி சின்னவதான்" என்றார். "சட்டைக் கையைப் பாரு. சிவப்பா ஒரு பொட்டு. கடுதாசிக்கு முத்திரை வைக்கிற அரக்கு. பிரிச்சுப் படிச்சுட்டுத் திரும்ப ஒட்டியிருக்கா. ஐஸ் வச்சு உரிச்செடுத்துட்டு, மேல பேப்பர் போட்டு இஸ்திரி தேச்சா போகும்னு அவளுக்குத் தெரியல."

யாரும் அவரை நம்பவில்லை. இருபத்தெட்டு எபிசோடு கழித்துச் சின்னவள் மண்டியிட்டு அழுது ஒப்புக்கொண்டாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று அத்தான் எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தார், பாவம். டீச்சர் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அக்கா அன்று கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நாள் பூரா ஊரான் அழுக்கைத்தாங்க மோந்து பாக்குறேன்" என்றாள். "இந்த ஒரு மணி நேரந்தான் அழுக்கே இல்லாத மனுசங்களைப் பாக்குறேன். அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே பாக்குறேன். அதுலயும் வந்து கறையைக் காட்டினா நான் எங்கதாங்க போவேன்?"

 நான் சாப்பாட்டுத் தட்டில் குனிந்துகொண்டேன். அத்தான் பேச்சுக்கெல்லாம் இத்தனை நாளும் சேர்ந்து சிரித்தவன்தானே.

அன்றிலிருந்து அவருக்கு நாடு கடத்தல். சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல். இடையில் ஃப்ரிட்ஜ் நிற்பதால் திரையில் பாதிதான் தெரியும். இடது பக்கம் நிற்கிற சீமான்கள் மட்டும் அவருக்குப் பரிச்சயம்; வலது பக்கத்தில் இருப்பவர்கள் வெறும் குரல்கள். வாய் திறந்தால் ஸ்டூலும் போய்விடும் என்பது நிபந்தனை. கதையில் அக்கறையே இல்லாத மனிதர் கடைக்குள் போய் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கலாம். போகவில்லை. கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிக்கொண்டு ஆறு மாதம் அந்த ஸ்டூலிலேயே இருந்தார். மறுநாள் கடையில் என் காதருகே வந்து, "மாப்ளே, நேத்து வலது பக்கம் யாரு அழுதது?" என்று ரகசியமாகக் கேட்பார்.

சென்ற வெள்ளிக்கிழமை கடைசி எபிசோடு. மூத்த மகளுக்கு ஒருவழியாகக் கல்யாணம். செத்துப்போன அம்மாவின் மண உடுப்பைத்தான் உடுத்துவேன் என்கிறாள். பெட்டியைத் திறக்கிறார்கள். வெள்ளைப் பட்டு. நெஞ்சருகே உள்ளங்கை அகலத்துக்கு ஒயின் கறை. கல்யாணத்தன்றே புருஷன் கோபத்தில் கோப்பையை வீசியிருக்கிறான். முப்பது வருடமாக அம்மா யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருக்கிறாள். வயதான வேலைக்காரி ஒன்றும் பேசாமல் அந்த உடுப்பை வாங்கிக்கொண்டு துவைக்கிற அறைக்குப் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது.

நான் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் தோள் துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த காட்சி கல்யாணம். அதைப் படம் பிடித்த மகானுபாவன் மணப்பெண்ணின் முதுகை மட்டும் காட்டினான். அவள் நடக்கிறாள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், மணி அடிக்கிறது, முடிந்துவிட்டது. நெஞ்சுப் பக்கத்தைக் கடைசி வரை காட்டவே இல்லை.

பெயர்கள் ஓடின. டீச்சர் மூக்கைச் சிந்தினாள். அக்கா அசையாமல் இருந்தாள். இரண்டு வருடம் கூடவே வாழ்ந்த வீடு நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் ஆறும்? திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"என்னங்க. அந்தக் கறை போயிருக்குமா?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அவருக்கு வாய் திறக்க அனுமதி. அத்தான் துண்டை எடுத்தார். எழுந்து ஃப்ரிட்ஜைத் தாண்டி வந்தார். பட்டுத் துணி, சிவப்பு ஒயின், முப்பது வருடம். எனக்கே தெரியும், இவர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த பாவத்துக்கு: அந்த நெஞ்சுப் பக்கத்தை வெட்டியெடுத்து வேறு துணி வைத்துத் தைக்கலாம், அவ்வளவுதான். நாக்கைச் சப்புக்கொட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"போயிருக்கும்" என்றார்.

அக்கா இப்போது திரும்பினாள். "நிச்சயமா?"

"கேரண்டி. அந்த வேலைக்காரம்மா கையைப் பாத்தேன்ல, தொழில் தெரிஞ்ச கை. விடிய விடிய உக்காந்து எடுத்திருப்பாங்க."

டீச்சர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.  அந்த ஸ்டாம்பை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை குத்துகிறவள் அக்கா; அத்தான் சொன்னது எப்பேர்ப்பட்ட பொய் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சோபாவில் இருந்த தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குத் தொடரை முதலிலிருந்து மறுஒளிபரப்புத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக்காக நானும் போயிருந்தேன். பெரிய மாளிகை, விளக்குகள், மாடிப்படி. சீமாட்டி இறங்கத் தொடங்கினாள். அத்தான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீமாட்டி இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரையை நோக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.