கும்பிட்ட கை

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினால் சர்க்கரை கம்மி. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினால், டீ கொஞ்சம் ஆறட்டும். முதுநகரில் ஜங்ஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சின்னையன், செம்பியனின் இந்தக் கைப்பாஷையைக் கற்றுக்கொண்டு வெகு நாளாகிறது. ஆனாலும் கேட்காமல் விடமாட்டார்.

"இன்னாப்பா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

செம்பியன் சிரிப்பார். அதுவும் சத்தமில்லாமல்தான்.

பேசத் தெரியாதவர் இல்லை. அவர் வேலை பார்க்கும் இடத்தில் வாய்க்கு வேலை இல்லை. புயலோ வெள்ளமோ வந்தால் ஹெலிகாப்டரில் போய், கயிற்றில் இறங்கி, மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வருகிறவர் அவர். தலைக்கு மேல் விசிறி சுற்றும் இரைச்சலில் எதைச் சொன்னாலும் கையால்தான் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக அப்படியே பழகி, லீவில் ஊருக்கு வந்தாலும் கை முந்திக்கொள்கிறது, வாய் பின்தங்கிவிடுகிறது.

நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. மனிதர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் மேளம் கொட்டும்போதுதான் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும், லீவு ரத்தாகும். சிதம்பரத்தில் ஒரு பெண் வீட்டார் நிச்சயத் தாம்பூலத்துக்கு நாள் குறித்துக் காத்திருந்தபோது, மாப்பிள்ளை வேறொரு மாநிலத்தில் யார் வீட்டுக் கூரை மேலோ நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லீவு தாராளமாகக் கிடைப்பது ஆடியில். ஆடியில் பெண் பார்க்கப் போனால் யார் கதவைத் திறப்பார்கள்? "எந்தம்பி தலையெழுத்த மழைதான் எழுதுது" என்று குமராட்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா அமிர்தம் எல்லாரிடமும் சொல்லித் தீர்க்கிறாள்.

கயிற்றில் தொங்கும்போது ஜனங்கள் அவரைக் கட்டிக்கொள்வது போல உலகத்தில் வேறு யாரும் அவரைக் கட்டிக்கொண்டதில்லை. கழுத்தில் மூச்சு படும், முதுகில் நகம் பதியும். தரையில் இறக்கிக் கொக்கியைக் கழற்றியதும் தங்கள் மனிதர்களைத் தேடி ஓடிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தாலும் தெரியப்போவது ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும்தான். அத்தனை பேரில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, "நீதானாப்பா அது?" என்று கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெட்கத்தை விட்டு அக்காவிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

வேலையில் அவர் பயப்படுவது காற்றுக்கு அல்ல, கும்பிடுக்கு. "மத்த ஊர்ல பயந்துகினு கெட்டியா புடிச்சிக்குவாங்க. நம்ம ஜனத்துக்கு பக்தி ஜாஸ்தி. பாதி வானத்துல கையத் தலைக்கு மேல தூக்கி சாமி கும்புட்டுடும்" என்பார். ஆளின் அக்குளுக்குக் கீழே மாட்டுகிற பட்டை, கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும் வரைதான் பிடிக்கும். தூக்கினால் ஆள் நழுவிக் கீழே போய்விடும். அதனால் "கும்புடாதீங்க, கும்புடாதீங்க" என்று ஒவ்வொருவர் காதிலும் கத்திவிட்டுத்தான் கிளம்புவார். கடவுளைக் கூப்பிடுகிற நேரத்தில் அது யார் காதில் ஏறப்போகிறது?

இந்த ஆடியில் அக்காவைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து மினி பஸ்ஸில் போனார். முன் சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்தவளோடு பேசத் திரும்பியபோது, தாடையில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் தெரிந்தன. நாலு விரற்கடை தூரத்தில் பார்த்த முகம் மறக்குமா? கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருடம் ஒரு மாடியிலிருந்து அவர் தூக்கிய பெண். பக்கத்து சீட்டுக்காரி கூப்பிட்டதில் பேரும் தெரிந்தது, மங்கலம். பேச்சும் அந்த வெள்ளத்தைப் பற்றித்தான்.

"ஒருத்தன் கயித்துல எறங்கி என்னத் தூக்கினான். அந்தரத்துல தொங்கறேன், 'எங்கப்பனே நடராசா'ன்னு கையத் தூக்கி ஒரு கும்புடு போட்டேன். படார்னு அடிச்சான் பாரு கையில! அதோட இறுக்கிப் புடிச்சவன் தரையிலதான் விட்டான். கட்டுன புருசன்கூட என்ன ஒரு அடி அடிச்சதில்ல."

"அவனுக்கு இன்னாடி கோவம்?"

"எவ கண்டா. மூஞ்சி தெரிஞ்சிருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கும்புட்ட கையப் போயி அடிப்பானா ஒருத்தன்?"

செம்பியன் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். கடைசியில் ஒருவருக்கு அவர் ஞாபகம் இருக்கிறது; அதுவும் திட்டுவதற்கு. அது நான்தாம்மா, அடிக்கலேன்னா நீ விழுந்திருப்ப. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. ஆனால் பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அந்தப் பேச்சும் நாற்று, கூலி என்று எங்கெங்கோ போய்விட்டது. இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டார்.

பக்கத்து சீட்டுக்காரி வழியில் இறங்கிக்கொண்டாள். குமராட்சிக்கு முன்னாலேயே மங்கலமும் எழுந்தாள். செம்பியனும் எழுந்து பின்னால் போனார். அவள் படியில் ஒரு கால் வைத்திருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். மங்கலம் முன்னால் சாய்ந்தாள். சொல்ல வந்த அவர் வாய் திறந்தபடியே இருக்க, கை பின்னாலிருந்து அவளை அக்குளோடு வளைத்து இறுக்கிப் பிடித்தது. வண்டி நின்றது.

"கைய எடுய்யா!" அவள் திரும்பி அவர் புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பொம்பள இறங்கற எடத்துல இன்னா வேல உனக்கு?"

பஸ்ஸே சிரித்தது. அவள் இறங்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வரப்பில் விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

"அடி பலமாண்ணா?" என்றார் கண்டக்டர்.

செம்பியன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவள் எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்தார். சிவந்திருந்த புறங்கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். குமராட்சி வரும்வரை எடுக்கவில்லை.