பப்பாளிக்குச் சேர்த்த தண்ணீர்

பினாங்குக்கு வந்து நான்கு வருடமாகிறது. இன்னும் இந்த வீட்டுக் குழாயை நான் நம்பவில்லை. எந்த நேரத்தில் திருகினாலும் தண்ணீர் வருகிறது. காலையில் வருகிறது, மத்தியானம் வருகிறது, நாம் கேட்காதபோதும் சொட்டுகிறது. முதல் வாரம் அதிசயமாக இருந்தது. அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. இப்படிப் பல்லை இளித்துக்கொண்டு வருகிற எதுவும் ஒருநாள் காலை வாரும் என்பது என் எண்ணம். பரமக்குடிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு வேறு எண்ணம் வராது. எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த திருச்சிக்காரர்.

ஜார்ஜ் டவுனில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே புழுக்கம், நடுநடுவே மழை. இந்த வருடம் அந்த மழையும் வரவில்லை. சீனப் புத்தாண்டுக்குக் கட்டிய சிவப்பு விளக்குகளை இறக்கிய பிறகு ஒரு தூறல்கூட இல்லை. பிள்ளைகளை வெயிலில் விளையாட விடாதீர்கள் என்று பள்ளிக்கூடங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் வெயில் முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டுச் சாயங்காலம் போய்விடும். இந்த வெயில் பக்கத்திலேயே உட்கார்ந்து ராத்திரியும் முணுமுணுக்கிறது. வியர்வை காய்வதே இல்லை. இந்த ஊரின் மேல் எனக்கிருந்த கோபத்தையெல்லாம் அந்த வெயிலின் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊரில் நான் கணக்கு டீச்சர். இங்கே என் கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. அவரை ஒட்டிக்கொண்டு வந்த என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஜெலுத்தோங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வாசலில் கார் நிறுத்தும் இடம் போக, வேலியோரம் ஒரு கட்டில் அகலத்துக்கு மண் கிடந்தது. அதைக் கொத்தினேன். வெண்டை போட்டேன், கத்திரி போட்டேன், தின்று போட்ட பழத்தின் விதையிலிருந்து ஒரு பப்பாளியும் வளர்த்தேன். வெயில் தொடங்கிய சமயத்தில் பப்பாளி முதன்முறையாகக் காய்த்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கைமுஷ்டி அளவில் காய்கள். இந்த நாட்டில் நான் செய்து முடித்தது என்று காட்ட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதில் ஒரு பழமாவது பழுத்து வெட்டித் தட்டில் வைக்கிறவரை அதைச் சாகவிடுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கை. நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறை என்கிற ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் விரல் நுழைய மண் கிடையாது. சுவரிலிருந்து சாக்கடை வரைக்கும் சிமெண்டு. தினமும் காலையில் ஹோஸ் பிடித்து அந்தச் சிமெண்டைக் குளிப்பாட்டுவார். அந்தத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

“என்னா தங்கச்சி, வெயில்ல நின்னு மண்ணக் கிண்டுறே? பப்பாளிதான? பாசார்ல குமிச்சிப் போட்டு விக்கிறான் லா. மண்ணு வேணாம்னுதான் நாங்க தோட்டத்த விட்டே வந்தோம்.”

அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒரே மொழி பேசுகிறோம், ஒரே சாமியைக் கும்பிடுகிறோம்; ஆனாலும் அவர் மற்றவர்களிடம் என்னைச் சொல்லும்போது ‘ஊர்க்காரி’, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவள், என்றுதான் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அவருடைய தாத்தாவும் அந்த ஊர்க்காரர்தானே என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

குழாய் பதிக்கும் வேலைக்காக இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்தபோது, சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் சொன்னேனா இல்லையா என்று கணவரிடம் கேட்டேன். பெயிண்ட் டிரம், துணி ஊறவைக்கிற டப், வாளி, குக்கர் பாத்திரம், ஐஸ்கிரீம் டப்பா என்று வீட்டில் வாயிருந்த அத்தனையையும் நிரப்பினேன். ஊரில் தண்ணீர் லாரி வந்த நாளில் எங்கள் தெரு இப்படித்தான் இருக்கும். யார் வீட்டில் அதிகம் குடம் நிற்கிறதோ அவள்தான் கெட்டிக்காரி. இங்கே என்னோடு போட்டிக்கு ஆளே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. டிரம்களை நான் கொட்டவில்லை. எப்படிக் கொட்டுவது? வேலியோரம் வரிசையாக நிறுத்தி, பழைய வேட்டியைக் கிழித்து மூடி, குறையக் குறைய மேலே ஊற்றி வைத்துக்கொண்டேன். பப்பாளிக்குக் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. குழாய்த் தண்ணீர் வெந்நீராகக் கொதித்தது. டிரம் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. தெருவில் மற்றவர்களின் தொட்டிச் செடிகளெல்லாம் கருகிப்போக, என் பப்பாளி மட்டும் இலை விரித்து நின்றது.

லெட்சுமி அக்கா வேலியருகே வந்து நின்றார். “தங்கச்சி, என்னா இது, தோங் தோங்கா தண்ணி புடிச்சி வெச்சிருக்கே? கொசு வந்திரும் லா. எல்லாத்தையும் லோங்காங்ல ஊத்து.”

“சாக்கடையிலயா? செடிக்கு ஊத்துறேங்க்கா. மூடித்தான் வச்சிருக்கேன்.”

“பைப்புலதான் தண்ணி வருதே?”

“இன்னைக்கு வருது. நாளைக்கு வராட்டி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது ஒன் ஊரு இல்ல. அப்படி நம்பிக்க இல்லன்னா ஊருக்கே போயிடு லா.”

அன்று முழுவதும் அந்த வார்த்தை என் காதில் நின்றது. மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு டிரம் வாங்கி வந்து அவர் கண்ணில் படும்படி நிறுத்தினேன்.

அவருடைய கணவர் மணியம் அண்ணன் சாது. ஜுருவில் லாரி ஓட்டி ஓய்ந்தவர், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். “தங்கச்சி, பசியாறிட்டியா?” என்று காலையில் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். ஒரு வாரம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. டிங்கிக் காய்ச்சல், ரத்தத் தட்டணு இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று என் கணவர்தான் விசாரித்து வந்து சொன்னார். சொல்லிவிட்டு டிரம்களைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண், கையில் டார்ச். வேட்டித் துணியை விலக்கி உள்ளே அடித்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக இந்தத் தண்ணீர் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை, முகத்தில் சிரிப்புகூட இருந்தது. வறட்சிக் காலத்தில் சிக்கனமாக இருப்பதைப் பாராட்டத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. நானும் நிமிர்ந்து நின்று, ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு சொட்டு வீணாக்கவில்லை என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது. ஒரு வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஜெந்திக்-ஜெந்திக்,” என்றார்.

அகராதி தேவைப்படவில்லை. கரண்டிக்குள் கறுப்பாக, நூல் நூலாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கொசுப்புழுவை நான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், அறிவியல் டீச்சர் வராத நாளில் பிள்ளைகளுக்குப் படம் வரைந்தும் காட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் குடத்தில் பார்த்ததில்லை. புழு வைக்கும் அளவுக்கு எங்கள் ஊரில் தண்ணீர் மிஞ்சியதே இல்லை.

அபராதம் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை டிரம்மையும் என் கையாலேயே கவிழ்க்கச் சொன்னார்கள். தண்ணீர் தெருவில் ஓடி, சாக்கடை போய்ச் சேருமுன்னே பாதி ஆவியாகிவிட்டது. பிறகு புகை அடித்தார்கள். லெட்சுமி அக்கா தன் சிமெண்டு வாசலில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மணியம் அண்ணனைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் அவரே என் கேட்டைத் தட்டினார். தலை சீவாமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

“பப்பாளி எல வேணும். சாறு எடுத்துக் குடுத்தா ரத்தம் ஏறுமாம். டாக்டரு ட்ரிப்ஸ் போட்டிருக்காரு, இதெல்லாம் தேவையில்லன்னுதான் சொல்றாரு. நான் கேக்க மாட்டேன். இந்த ரோட்டுல ஒன் வீட்டுலதான் மரம் இருக்கு.”

நான் கத்தியை எடுத்தேன்.

“நல்லா இருக்கிற எலயா வெட்டு. ஒன் கொசுதான அவரக் கடிச்சிச்சி, ஒன் எலயத்தான் குடுக்கணும்.”

அன்று இரண்டு இலை, மறுநாள் இரண்டு. அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார், நான் உள்ளேயிருந்து நீட்டுவேன். நன்றியும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை. இலை குறையக் குறைய வெயில் நேரே காய்களின் மேல் இறங்கியது. ஒரு பக்கம் வெளுத்து, சுருங்கி, ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழுந்தன. விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசி இலையை வெட்டிக் கொடுத்த அன்று அது பப்பாளி மரமாகவே இல்லை. மொட்டையாக ஒரு கம்பு நின்றது.

மணியம் அண்ணன் பாதி ஆளாக வீடு திரும்பினார். அந்த வாரம் என் தங்கை பரமக்குடியிலிருந்து வீடியோவில் பேசினாள். அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிறைகுடங்கள், எதற்கும் மூடி இல்லை. என்னை அறியாமல் கத்தினேன்.

“எத்தனை நாள் தண்ணிடி அது? மூடு! இல்லன்னா கீழ ஊத்து!”

அவள் சிரிக்கவில்லை. “ஊத்தவா? வாரத்துக்கு ஒரு தடவ வருது. மலேசியாக்காரி ஆயிட்டே நீ. அங்க இருந்துக்கிட்டு பேசாத.”

போனை வைத்துவிட்டாள். அவளை என்ன சொல்ல? வேலியில் நின்று நான் லெட்சுமி அக்காவிடம் பேசிய பேச்சுதானே அது.

மழை ஒரு மத்தியானம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், கூரையை உடைக்கிற மாதிரி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடி, மொட்டைப் பப்பாளிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த டிரம்மைத் தூக்கி நிமிர்த்தினேன். அடியில் மழை விழுந்து தடதடவென்று சத்தம் எழும்பியது. சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த சத்தம். தலையைத் தூக்கினால், வேலிக்கு அந்தப் பக்கம் மணியம் அண்ணன் போர்வை போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் லெட்சுமி அக்கா.

“கவுத்து வை லா,” என்றார் அக்கா.

கவிழ்க்கச் சாய்த்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. நிமிர்த்தவும் மனமில்லை, கவிழ்க்கவும் மனமில்லை. மழை நிற்கும்வரை அந்த டிரம்மை ஒரு விளிம்பில் சாய்த்துப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன். ஒரு பக்கம் நிறைந்துகொண்டிருந்தது, மறுபக்கம் வழிந்துகொண்டிருந்தது.