காயாத ஐந்தாவது ஆள்

"ஆமி வருகுது டீச்சர்!" என்று பக்கத்து வீட்டுப் பரமேசக்கா வேலிக்கு மேலால் கத்தியபோது, என் மகன் குகன் ஒரு சிற்பத்துக்குள் இருந்தான்.

கித்தானில் சிற்பம் செய்யும் முறையை இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பழைய வள்ளத்துப் பாயைச் சுண்ணாம்புத் தூள் கலந்த வச்சிரப் பசையில் தோய்த்து, கம்பிக் கூட்டின்மேல் மடிப்பு விழப் போர்த்த வேண்டும். காய்ந்தால் பலகைபோல் இறுகிவிடும். முகம் தேவையில்லை, மடிப்புகளே ஆளாகிவிடும்.

எண்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த நேரம் போக, தீவுக் கிராமமான சுருவிலில் எங்கள் முற்றத்தில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் பயணிகளைச் சிற்பங்களாகச் செய்துகொண்டிருந்தேன். நாலு பேர் முடிந்திருந்தார்கள். ஐந்தாவதற்குக் கம்பி போதவில்லை. மகனைக் கதிரையில் இருத்தி, பழைய சாரத்தால் சுற்றி, மூச்சுவிட நாடிக்குக் கீழே இடைவெளி விட்டு, தலையோடு போர்த்தினேன். பாதி இறுகியதும் முதுகுப்பக்கம் வெட்டிக் கழற்றுவது ஏற்பாடு. எதையும் சட்டென்று உலர்த்திவிடும் சோளகக் காற்று அன்று வீசியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கத்தரிக்கோல் தேடிப் போய் வருவதற்குள் கித்தான் இறுகிவிட்டது.

"அம்மா, கையை அசைக்க ஏலாமல் கிடக்கு."

அப்போதுதான் பரமேசக்காவின் குரல் கேட்டது.

"அப்ப அசையாதை" என்றேன்.

அவனுக்குப் பதினேழு வயது. அந்த வயதுப் பிள்ளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. திரும்பி வந்தவர்கள் குறைவு.

இராணுவ அதிகாரி ஒருவரும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"பொடியன் யாரும் இருக்கா?"

"இல்லை சேர்."

"இது யாரு?"

"ஒருத்தரும் இல்லை சேர். கித்தான்."

விரலை மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டினார். நாலும் 'டொக்' என்றன. ஐந்தாவது சத்தமே தரவில்லை. அவர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சரித்துப் பார்த்தார்.

"டீச்சர், மத்த நாலும் பொம்மை. இதிலதான் உயிர் இருக்கு. நான் இதை ஆமி காம்ப்புக்கு எடுக்கிறது."

சிப்பாய்கள் தூக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை.

"ஏன் இவ்வளவு பாரம்?"

"இன்னும் காயேல்லை சேர். உள்ளுக்கு ஈரம். இப்ப தூக்கினா உடைஞ்சுபோம்."

அந்த நேரம் கதிரைக்குக் கீழே நீர் சொட்டத் தொடங்கியது. பசையிலிருந்து வந்த ஈரம் அல்ல அது.

"ஆ, ஈரம்தான்" என்றார் அதிகாரி. "நாளைக்கு வாறது."

அவர்கள் ஒழுங்கை திரும்பும்வரை நான் அசையவில்லை. பிறகு முதுகுப்பக்கத்தை வெட்டினேன்.

"முதல்ல மூக்கைச் சொறிஞ்சு விடுங்கோ அம்மா" என்றான் குகன்.

பொழுதுபட முன் அவனை வள்ளத்தில் அனுப்பிவிட்டேன். வெறுங்கூட்டைத் தைத்து, தையலின்மேல் பசை பூசி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் அதிகாரி சொன்னபடி வந்தார். ஒரு சிப்பாய் ஒற்றைக் கையால் அதைத் தூக்கினான்.

"நேத்து ரெண்டு பேருக்கு ஏலாது. இன்னைக்கு?"

"காய்ஞ்சிட்டுது சேர்."

அவர் அதைச் சுற்றி வந்தார். தட்டினார். 'டொக்' என்றது. அவர் முகம் வாடிவிட்டது.

"நேத்து நல்லா இருந்தது. நீங்க காயவைச்சுப் பழுதாக்கினது" என்று சொல்லி, அதை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. குகன் இப்போது கடல் கடந்த நாட்டில் இருக்கிறான். ஆனாலும் சோளகம் வீசும் நாட்களில் நான் கித்தானைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில், அதை நனைக்க முன் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.