பாலத்தோடு நின்ற பஸ்

ஆஷ்பி நகரத்துச் செம்மண்மேட்டில் ஹோசியா பெட்வேயைப் பிடிக்காதவர்களும் அவருடைய பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருந்தது. நகரத்து பஸ் கம்பெனி மேட்டுக்கு வண்டி விடுவதில்லை. மழை பெய்தால் அங்கே சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். கறுப்பர்கள் குடியிருக்கும் தெருவுக்குத் தார் போடுகிற வழக்கம் அலபாமாவில் அன்றைக்கு இல்லை.

ஹோசியாவின் அப்பா வெள்ளைக்காரர் ஒருவரின் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பருத்தி போட்டவர். குடிசை, கோவேறு கழுதை, விதை எல்லாமே நிலக்காரருடையவை. ஏதோ ஒரு வாய்த்தகராறில் அந்த ஆள் கழுதையை அவிழ்த்துக்கொண்டு போனார். குடும்பம் தெருவுக்கு வந்தது. அப்பா யாரிடமும் முறையிடவில்லை. முறையிட யாரும் இல்லை. தன் பேரில் ஒரு பொருள் இல்லாதவனுக்கு வாய் இருந்தும் பயன் இல்லை என்று ஹோசியா அன்றைக்கு மனசில் எழுதிக்கொண்டார். பிற்பாடு அவர் வாழ்ந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்கு எழுதிய உரைதான்.

வாலிபத்தில் ஒரு கராஜுக்கு வண்டி கழுவப் போய் இன்ஜின் பிரிக்கக் கற்றார். சூறாவளியில் கவிழ்ந்து நசுங்கிய பள்ளிக்கூட பஸ் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கி, இரண்டு குளிர்காலம் அதன் அடியிலேயே மல்லாந்து கிடந்து அதை ஓட வைத்தார். பச்சை வர்ணம் அடித்து, பக்கவாட்டில் மஞ்சளில் தன் குடும்பப் பெயரை எழுதினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஒன்று மூன்றானது. ஓட்டுநர்கள் எல்லோரும் மேட்டு ஆட்கள். தொப்பியும் டையும் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு.

நகரத்து பஸ்ஸில் கறுப்பர்கள் முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறவேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் நின்றால் எழுந்து இடம் விடவேண்டும். பெட்வே பஸ்ஸில் முன்வாசலில் ஏறி, பிடித்த இடத்தில் உட்காரலாம். போகவேண்டிய வேலை எதுவும் இல்லாத கிழவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முன் இருக்கையில் உட்கார்ந்து சும்மா ஒரு சுற்று வருவார்கள்.

ஆனால் அந்த பஸ் ஆற்றுப்பாலத்தோடு நின்றுவிடும். நகரசபை கொடுத்த அனுமதி அவ்வளவுதான். மில்லும் கடைத்தெருவும், மேட்டுப் பெண்கள் சமைக்கவும் துவைக்கவும் போகிற வீடுகளும் பாலத்துக்கு அப்பால் இருந்தன; அங்கே போக நகரத்து பஸ்ஸுக்குத்தான் மாறவேண்டும்.

அவர் மனைவி லவீனியாவின் அக்கா கிளியோரா அங்கேதான் ஒரு வக்கீல் வீட்டில் சமையல்காரி. ஒரு நாள் சாயங்காலம், முழங்கால் வலியில் நகரத்து பஸ்ஸில் எழுந்து இடம் விட மறுத்தாள். ஓட்டுநர் போலீஸைக் கூப்பிட்டான். அன்றிரவு அவளைக் காவலில் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே தேவாலயத்தில் கூட்டம். சிகாகோவில் படித்துவிட்டு வந்திருந்த போதகர் டால்பர்ட், நினைத்த இடத்தில் உட்காரலாம் என்று கம்பெனி சொல்லும்வரை நகரத்து பஸ்ஸில் யாரும் ஏறக்கூடாது என்றார். ஆமென்கள் அடங்கியதும் ஹோசியா எழுந்தார். அவர் அந்தச் சபையின் டீக்கன், போதகருக்குத் துணை நிற்பவர்.

"ஏறாதீங்கன்னு நானும்தான் இத்தனை வருஷமா சொல்றேன், பாஸ்டர். ஆனா நீங்க ஏறாதீங்கன்றது திரும்ப ஏறுறதுக்காக. அங்கதான் எனக்கு இடிக்குது. வேணாம்னு தள்ளுறவன் வாசல்ல போயி நின்னு, என் காசை வாங்கிக்கோன்னு கெஞ்சவா இவ்வளவு பாடு? அந்தக் காசு நம்ம கிட்டயே சுத்தினா இன்னும் நாலு பஸ் விடலாம். நம்ம கடை, நம்ம பேங்க்னு வைக்கலாம். கையில நாலு பொருள் இருக்கட்டும், அவனே வந்து உட்காருங்கன்னு சொல்வான்."

பின்வரிசையிலிருந்து கிளியோராவின் குரல் வந்தது.

"உங்க பஸ் நல்ல பஸ்தான், டீக்கன். சீட்டெல்லாம் மெத்துனு இருக்கு. ஆனா பாலத்தோட நின்னுடுதே. என் அடுப்பு அந்தாண்ட இல்ல இருக்கு?"

சபை சிரித்தது. ஹோசியா சிரிக்கவில்லை.

"அனுமதி அவ்வளவுதான் குடுத்திருக்கான், கிளியோரா. தாண்ட விடுன்னு நானும் போயி கேட்டுட்டுதான் இருக்கேன்."

"நகரசபையில தானே? அங்க உங்களுக்கு ஓட்டு உண்டா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் வாசல்ல நின்னு கெஞ்சிட்டுத்தான் வந்திருக்கீங்க."

ஹோசியா உட்கார்ந்துவிட்டார். மற்ற எல்லோரும் கைகளைத் தூக்கித் தீர்மானம் போட்டார்கள்; அவர் கை மட்டும் மடியில் கிடந்தது.

கூட்டத்தில் பேசியதை யார் வெளியே சொன்னார்களோ, இரண்டு நாளில் நகரத்துப் பத்திரிகையில் வந்துவிட்டது. 'கறுப்பின வியாபாரி புறக்கணிப்பை எதிர்க்கிறார்' என்று தலைப்பு. வாசலில் கெஞ்சுவதைப் பற்றிச் சொன்னதைப் போட்டிருந்தார்கள். நம்ம பேங்க், நம்ம கடை என்றதை விட்டுவிட்டார்கள்.

பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு நகரசபை கமிஷனர் ஹாலிஸ் ஹோசியாவின் பஸ் கொட்டகைக்கே வந்தார். ஹோசியாவின் மகனாக இருக்கக்கூடிய வயசு.

"உன்னை மாதிரி புத்தியுள்ளவன் இன்னும் நாலு பேர் இருந்தா இந்த ஊருக்குத் தொல்லையே இல்லை, ஹோசியா. ரேடியோவுல வந்து ரெண்டு வார்த்தை சொல்லு. கறுப்பு ஜனங்க இங்க சந்தோஷமாத்தான் இருக்காங்கன்னு."

"நான் அப்படிச் சொல்லலைங்க, சார்."

"நீ சொன்னதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

ஹோசியா கந்தலை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். அந்த வித்தியாசத்துக்குள்தான் தான் இத்தனை காலம் குடியிருந்தது என்பதை இந்தப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

"எனக்கு ரேடியோவுல பேச வராதுங்க, சார்."

"யோசிச்சுக்கோ. அனுமதி வருஷக் கடைசியோட முடியுது."

மேட்டுக்காரர்கள் நகரத்து பஸ்ஸில் ஏறுவதை விட்டார்கள். கூடவே பெட்வே பஸ்ஸில் ஏறுவதையும் விட்டார்கள். பாலம் வரைக்கும் அவர் வண்டியில் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் காலையில் பச்சை பஸ் கதவைத் திறந்து நிற்க, அதைப் பார்க்காத மாதிரி பக்கத்தில் நடந்து போனார்கள். ஓட்டுநர்களில் மூத்தவனான ஓதா ஒரு நாள் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுச் சொன்னான்: "வெறும் வண்டியா ஓட்டுறேன், மிஸ்டர் பெட்வே. கண்ணாடியில பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"தினம் ஓட்டு. நேரத்துக்கு ஓட்டு" என்றார் ஹோசியா.

வீட்டில் லவீனியா சோளரொட்டியும் கீரையும் எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் மிஸ்டர் பெட்வே என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், மிஸ்டர் பெட்வே. ஆனா நீங்க சொன்னது அந்த ஹாலிஸ் வாய்க்கு எப்படி இனிக்குது? அதை யோசிச்சீங்களா?"

"நெஜம் யார் வாயில போனாலும் நெஜம்தான்."

"சாப்பிடுங்க" என்றாள். மறுநாளிலிருந்து அவளும் தையல் வேலைக்கு நடந்தே போனாள்.

டிசம்பரில் ஒரு காலை, மழை ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு வண்டியை ஹோசியாவே ஓட்டிவந்து பாலத்து முனையில் நிறுத்தியிருந்தார். பாலத்தின்மேல் குடையும் பழைய சாக்குமாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கிளியோரா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பக்கத்தில் லவீனியா, தன் கோட்டைக் கழற்றி அக்காள் தலைமேல் பிடித்துக்கொண்டு. இருவரும் பஸ் பக்கம் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்று பிற்பாடு பலபேர் கேட்டிருக்கிறார்கள். அவருக்கே தெரியாது. அவர் கருத்து மாறவில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வார். கியரைப் போட்டார், வண்டி பாலத்தில் ஏறியது. அவர்கள் பக்கத்தில் போய் நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க."

கிளியோரா குனிந்து உள்ளே பார்த்தாள். "எங்க போகுது இது?"

"உன் அடுப்புக்கு."

"அனுமதி?"

"நனையாம ஏறுடி முதல்ல."

ஏறினார்கள். முன்னால் போனவர்களும் நின்று ஏறினார்கள். மில் வாசல், கடைத்தெரு, வக்கீல் வீட்டுத் தெரு என்று ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டுக்கொண்டே போனார். வண்டிக்குள் யாரும் பாடவில்லை, ஜெபிக்கவில்லை. ஈரத்துணி நாற்றமும் இருமலும்தான். திரும்பி வரும்போது போலீஸ் கார் குறுக்கே நின்றது. பஸ்ஸைப் பறிமுதல் செய்தார்கள். அனுமதியை அன்றைக்கே ரத்து செய்துவிட்டதாக ஹாலிஸ் ஆள் விட்டுச் சொன்னார்.

மீதி இரண்டு பஸ்களும் கொட்டகையில் நின்றன. அடுத்த வருஷம் முழுக்க மேடு நடந்தது. ஹோசியாவும் நடந்தார். தேவாலயத்தில் அவருக்காக எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒதுக்கியபோது இருந்த அதே களைப்புதான் கை தட்டும்போதும் இருந்தது.

கடைசியில், பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கம்பெனி பணிந்தது. எவரும் எங்கேயும் உட்காரலாம். அதோடு மேட்டுக்குத் தார் ரோடு வந்தது, தார் ரோட்டில் நகரத்து பஸ் வந்தது. அது பாலத்தோடு நிற்கவில்லை. மில்லையும் கடைத்தெருவையும் தாண்டி ஆஸ்பத்திரிவரை போனது. ஹோசியாவுக்கும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், பழைய எல்லையோடு. பாலம்வரை போய் இறங்கி வண்டி மாற எவருக்கு என்ன தலையெழுத்து? ஜனங்கள் மேட்டிலிருந்தே நகரத்து பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்காரத்தானே ஒரு வருஷம் நடந்தார்கள்! அவர்கள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெற்றிக்கு நன்றி செலுத்தும் ஆராதனையில் அவர் மறுபடி எழுந்தார்.

"உட்கார இடம் கேட்டீங்க, கிடைச்சுது. சந்தோஷம். ஸ்டியரிங்கை யாராவது கேட்டீங்களா? என்கிட்ட ஆறு ஓட்டுநருங்க இருந்தாங்க. மேட்டுக்கு வர்ற நகரத்து பஸ்ல இன்னிக்கு வெள்ளைக்காரன்தான் ஓட்டிட்டு வரான். ஓதா சூளையில செங்கல் சுமக்கப் போயிட்டான். இதையும் எழுதி வச்சுக்கோங்க, பாஸ்டர்."

"நீங்க சொல்றது சரி, டீக்கன்" என்றார் டால்பர்ட். "அதை அப்பவே கேட்டிருக்கணும். தோணலை."

"எனக்கும் அப்போ தோணலை" என்றார் ஹோசியா. "ஓட்டுறதுக்கு நம்ம வண்டி இருக்குன்னு நெனச்சுட்டேன்."

இரண்டு பஸ்களைப் பருத்தி எடுக்க ஆள் ஏற்றிப்போகும் கங்காணிக்கு விற்றார். அவன் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்தான். மூன்றாவது, பறிமுதல் வண்டிகள் நிறுத்தும் மைதானத்திலேயே துருப்பிடித்தது. ஹோசியா கறுப்பின பள்ளிக்கூடங்களின் பஸ்களை ரிப்பேர் செய்யும் சம்பள வேலைக்குப் போனார். வாழ்நாளெல்லாம் முதலாளியாக இருந்துவிட்டு வயசான காலத்தில் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவது கஷ்டமா என்று லவீனியா கேட்டாள். "கஷ்டம் ஒண்ணும் இல்ல. குனிஞ்சா நிமிர முடியல, அவ்வளவுதான்" என்றார்.

கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும் என்று சபையார் மறுபடி கிளம்ப இன்னும் சில வருஷம் ஆயிற்று. கம்பெனி ஆபீஸ் முன்னால் நின்ற வரிசையில் ஹோசியாவும் தினம் வேலை முடிந்து போய் நின்றார். அதனால் ஒன்றும் ஆகாது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே நின்றார். கிளியோரா ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து அவருக்குப் போட்டாள்; வாக்குவாதம் இல்லாமல் உட்கார்ந்தார்.

ஒரு வசந்தத்தில் ஓதாவை ஓட்டுநராக எடுத்துக்கொண்டார்கள். அவன் முதல் நாள் ஓட்டியபோது மேட்டில் பாதிப் பேர் ஏறி ஒரு சுற்று வந்தார்கள். ஹோசியா போகவில்லை, பள்ளி பஸ் ஒன்றின் அடியில் கிடந்தார். சாயங்காலம் லவீனியா வந்து எல்லாவற்றையும் சொன்னாள்: ஓதா கழுத்துக்கு இறுக்கமாக டை கட்டியிருந்ததை, வளைவில் ஒரு கிழவி தள்ளாடாமல் இருக்க வண்டியை மெல்லத் திருப்பியதை, சில வெள்ளைக்காரர்கள் ஏறாமல் அடுத்த வண்டிக்கு நின்றதை.

ஹோசியா பொரித்த மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் லவீனியா. "நீங்க சொன்னதும் நடந்துச்சு, அவங்க சொன்னதும் நடந்துச்சு. மனசு ஆறுச்சா?"

அவர் இன்னொரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார்.

"அவனுக்குச் சம்பளம் ஒழுங்கா வரும். அது நல்லது" என்றார். பிறகு தோள்பட்டை மறுபடி பிடித்துக்கொண்டது என்று தைலம் எடுத்துவரச் சொன்னார். அவள் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.