பின்பக்கம் காலியாக இருந்த ஒப்பந்தம்

செல்வராணி இறந்துபோன செய்தி, எங்கள் ஊர் நிலத் தரகர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. பழங்காநத்தத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். 'வடக்குப் பார்த்த மனை, மூன்று சென்ட், உடனடி விற்பனை' என்ற விளம்பரத்துக்குக் கீழே, 'நம்ம வில்லாபுரம் செல்வராணி அக்கா காலைல தவறிட்டாங்க' என்று ஒரு வரி. அதை நான் இரண்டாம் முறை படித்து முடிப்பதற்குள் இன்னொரு மனை விளம்பரம் வந்து விழுந்துவிட்டது. எங்கள் தொழில் அப்படி. அதற்காக யார்மேலும் கோபப்பட எனக்குத் தகுதி கிடையாது. ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அவரை அறிந்தவர்களில் பலருக்கு எங்கள் இருவரையும் சேர்த்தே தெரியும். மனை விற்கும் நிறுவனம் ஒன்றில் ஒன்றாக வேலை பார்த்தோம். போன் செய்து ஆள் பிடிப்பது அவர். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்களை வேனில் ஏற்றிப் போய், புளிசாதப் பொட்டலம் கொடுத்து, கொடி நட்ட பொட்டல் காட்டைக் காட்டி, "இங்கதான் சார் பார்க் வருது" என்று சொல்வது நான். ஒருநாள் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது, நிலம் தேடுகிறவர்களின் போன் நம்பர் எழுதிய ஒரு நோட்டுதான்.

"நெலத்த வாங்கி விக்கத்தான்ணே துட்டு வேணும். அக்ரிமென்ட் போட்டுக் கைமாத்தி விட வாயும் காலும் இருந்தாப் போதும்" என்றார் செல்வராணி. நில உரிமையாளரிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. 'தங்களுக்கோ தாங்கள் காட்டும் நபருக்கோ கிரையம் செய்து தருகிறேன்' என்று அதில் ஒரு வரி இருக்கும். கெடு முடிவதற்குள் அந்த நபரைத் தேடிப் பிடித்தால் நடுவில் நிற்கும் விலை வித்தியாசம் எங்கள் வருமானம். பிடிக்காவிட்டால் முன்பணம் போயிற்று. அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில். பெண் பெயரைப் பார்த்தால் விற்கிறவர்கள் நம்புவார்கள் என்பது என் கணக்கு.

முதல் ஒப்பந்தத்துக்குப் போனோம். உட்கார்ந்ததும் செல்வராணி நிலக்காரரிடம், "அய்யா, நாங்க வாங்கப் போறதில்ல. வேற ஆளுக்குக் கைமாத்தி விடுவோம். நடுவுல எங்களுக்கு லாவம் உண்டு. சம்மதம்னா பேசுவோம்" என்று போட்டு உடைத்தார். நான் அவர் காலை மிதித்தேன். "எதுக்குண்ணே மிதிக்கிறீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கெடுவுக்குள் ஆள் கிடைக்காமல் நாங்கள் தவித்தபோது, கேட்காமலேயே ஒரு மாதம் தள்ளிக் கொடுத்ததும் அவர்தான்.

செல்வராணியிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நிலம் விற்கிற எல்லாரிடமும், "நெலத்துல என்னத்த விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்பார். ஒருவர் தன் தகப்பன் வைத்த புளியமரம் என்பார். இன்னொருவர், பக்கத்துக் காட்டுக்காரர் காலங்காலமாக நடக்கும் பாதை என்பார். அதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் எழுதி, வாங்குகிறவரிடமும் கையெழுத்து வாங்குவார். சட்டத்தில் அதற்கு என்ன மதிப்போ, எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இருந்தது.

மகளின் பிரசவத்துக்காக அவர் கோயம்புத்தூர் போயிருந்தபோது, பரவைக்கு அப்பால் தவமணி என்பவரின் நிலத்தை நான் தனியாகப் பேசி முடித்தேன். அவர் வாயாலேயே சொன்னார்: "கெழக்கு வரப்பு வேம்படியில எங்க அய்யன் கல்லு இருக்குண்ணே. வார மாசியில பிடிமண் எடுத்து வீட்டுப் பக்கம் வச்சுக்கிருவோம். அதுவரைக்கும் யாரும் கை வைக்காமப் பாத்துக்கங்க." குலசாமியை இடம் மாற்ற அந்தக் காலடி மண் ஒரு பிடி வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "கவலப்படாதீங்க" என்றேன். மனை போட ஓர் ஆள் தயாராக இருந்தார். சாமி இருக்கிற நிலம் என்றால் ஓடிவிடுவார். எனக்கு அவசரம். வேறு காரணம் சொல்லி இதை அழகுபடுத்த விரும்பவில்லை.

ஊர் திரும்பிய செல்வராணி கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையாண்ணே? இம்புட்டு வருசம் வெள்ளாம பாத்த மனுசன் ஒண்ணுமேவா விட்டுட்டுப் போறாரு?"

"வெறும் கட்டாந்தரைம்மா" என்றேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மாசி பிறப்பதற்குள் பொக்லைன் இறங்கி வரப்பு, வேம்பு, கல் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது. பரவை மார்க்கெட்டில், அத்தனை சனத்துக்கு நடுவில், தவமணி எங்களை மறித்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த பெயரைத்தான் பார்த்தார். "ஏத்தா, ஒன் பேரக் கேட்டுத்தான கையெழுத்துப் போட்டேன். அண்ணன்கிட்டச் சொல்லியும் விட்டேனே. எங்க சாமியவுமா வித்துப்புட்ட?"

செல்வராணி என் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "தப்பு என்னுதுதாய்யா" என்று தவமணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிய பள்ளத்தில் இரண்டு நாள் தனியாக அந்தக் கல்லைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வேறு மனை காட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும்ணே. நீங்க போய்ச் சொல்லுங்க. சொன்னாத்தான் நான் அந்தப் பக்கம் தலை காட்ட முடியும்" என்றார். "போறேன்மா" என்றேன். ஒவ்வொரு மாசிக்கும், "போனீங்களாண்ணே?" என்று கேட்பார். நானும் ஒரு சாக்குச் சொல்வேன். ஒரு மாசிக்கு அவர் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதன்பிறகு பரவைப் பக்கம் அவருக்கு யாரும் நிலம் காட்டவில்லை. எனக்குக் காட்டினார்கள்.

வில்லாபுரத்தில் மாலையோடு நின்றபோது பின்னால் இருவர் பேசிக்கொண்டார்கள். "நல்ல மனுசிதான். அந்தச் சாமிக் கல்லு விசயத்துலதான் புத்தி கெட்டுப்போச்சு." அப்போதும் நான் திரும்பவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் தவமணியைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "இத அந்தப் புள்ள உசுரோட இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதா? நடு மார்க்கெட்டுல அம்புட்டுப் பேச்சுப் பேசிப்புட்டேனேய்யா" என்று அழுதார். பிறகு, "காரியம் என்னைக்கு? நான் வாரேன்" என்றார். வந்தார். படத்துக்கு முன்னால் இரு கையையும் கூப்பி நெடுநேரம் நின்றார். அவர் மன்னிப்புக் கேட்டதைச் செல்வராணி கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று நான் கேட்டதையும்தான்.

அந்த ஒப்பந்தத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. செல்வராணியுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இத்தனை வருடம் காலியாகக் கிடந்த பின்பக்கத்தில் நேற்று எழுதினேன்: 'கிழக்கு வரப்பு, வேம்படியில் சாமிக் கல் ஒன்று. பிடிமண் எடுக்கும்வரை கை வைக்கக் கூடாது. சொன்னவர் தவமணி. கேட்டு மறைத்தவன் நான். செல்வராணிக்குத் தெரியாது.'

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.