மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

எதிர் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் தேவாலயப் பங்கின் டிரம் குழுவான டிரம் கோர் பயிற்சிக்காகத் தெரு வழியே மைதானத்துக்குப் போகும். எட்டுச் சிறிய டிரம், இரண்டு நடுத்தர டிரம், ஒரு பெரிய டிரம், ஆறு பியூகிள் ஊதுகொம்பு. வேறு வாத்தியம் கிடையாது. முதல் அடி தெருமுனையில் கேட்டதும் பிலோமினா அக்கா ஜன்னல் கதவு இரண்டையும் தள்ளித் திறப்பார். திறந்துவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். அந்தச் செவ்வாயன்று டிரம்காரர்கள் வந்தார்கள், ஜன்னலைக் கடந்தும் போய்விட்டார்கள். பெரிய டிரம்மின் அதிர்வில் மூடிய கதவின் கொக்கி மட்டும் லேசாக ஆடியது.

அம்மாவிடம் சொன்னேன். மாவுக் கையோடு தெருவைக் கடந்து போன அம்மா, போன வேகத்தில் திரும்பி வந்தாள். "பிலோமினா போயிட்டாடி. மடியில கோட்டு அப்படியே கெடக்கு" என்றாள். டிரம் சத்தம் அப்போதும் தொலைவில் கேட்டுக்கொண்டிருந்தது.

நாளை மறுநாள் அவருடைய முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் அவரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை வாசிக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்னாராம். யாரும் முன்வரவில்லை. நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவள். கூட்டத்தில் பெயரைக் கேட்டால்கூடச் சொல்லத் தயங்குகிறவள். வாசிக்க எனக்கு வராது, எழுதித் தருகிறேன். அவரை அறிந்த யாராவது வாசியுங்கள். எதையும் விடாமல் வாசியுங்கள்.

பிலோமினா அக்காவும் நானும் ஒரே மிலிட்டரி தையல் கடைக்குக் காஜா போட்டோம். கோட்டில் பொத்தான் நுழையும் துளையை அறுத்து, சுற்றி நூலால் கட்டும் வேலை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் பள்ளியை விட்ட வருடம் அந்த வேலைக்கு வந்தேன். அவர் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். பிலோமினா அக்கா யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டார். அவருக்குப் பொறுமை கிடையாது. என்னை அவர் கூட்டிப்போனது துணைக்கு மட்டும்தான். ஒரு பெண் தனியாக மைதானத்தில் நின்றால் பேசுகிறார்கள், இரண்டு பேராக நின்றால் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை.

பட்டாளம் தங்கியிருக்கும் இந்தத் தண்டுப் பக்கத்தில் நடக்கிற டிரம் போட்டி எதையும் அவர் இருபது வருடத்துக்கு மேலாக விட்டதில்லை. பட்டாளத்துக் குழுவோ, பள்ளிக்கூடக் குழுவோ, கோயில் குழுவோ, எல்லாம் ஒன்றுதான். வேலியில் மூன்றாவது கல்தூண் அவர் இடம். குழு உள்ளே வரும்வரை மற்றவர்களைப் போலவே எட்டிப் பார்ப்பார். அடி ஆரம்பித்ததும் திரும்பி, மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பார். அவருக்குப் பின்னால் நின்ற எங்களுக்கு இப்போது அவர் முகம் தெரியும்; கண்ணை மூடியிருப்பார்.

முதல் தடவை எனக்கு அவமானமாக இருந்தது. "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். அவங்க பாக்கத்தான் வந்திருக்காங்க. நான் கேக்க வந்திருக்கேன்."

"பார்த்துக்கிட்டே கேக்க முடியாதா?"

"எப்படிடி முடியும்? பாதிக் கோட்டுக்குக் காஜா போட்டதே நான். திரும்பிப் பார்த்தா என் தையல்தான் கண்ணுல நிக்கும். அப்புறம் எங்கேர்ந்து அடி காதுல விழும்?"

ராமநவமி வந்தால் சாமராஜப்பேட்டைக்குக் கச்சேரி கேட்கப் போவார். இங்கிருந்து நடை. ஞாயிறு பூசைக்கு வந்துவிட்டு மாலையில் ராமர் பந்தலுக்குப் போகிறாள் என்று உங்களில் சிலர் பேசினீர்கள். பாட்டுக் குழுவில் பாடும் ஒரு அம்மாள் தெருக்குழாயடியில் கேட்டே விட்டார்: "என்ன பிலோமினா, ராமர் கோயில்ல பூசை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தாளம் தப்பாம முடிஞ்சுது. நம்ம பாட்டுக் குழு எப்ப அப்படி முடிக்கப்போவுது?"

குழாயடியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். அதை அவர் மறந்திருக்க மாட்டார்.

பந்தலுக்குள் எங்களுக்கு இடம் கிடையாது. செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். பாட்டுக்காரர் நிறுத்திவிட்டு மிருதங்கக்காரரைத் தனியாக வாசிக்க விடும் நேரம் வந்ததும், முன்வரிசைப் பெரிய மனிதர்கள் காப்பி குடிக்க எழுந்து வெளியே வருவார்கள். எல்லாக் கச்சேரியிலும் இப்படித்தான். அவர்கள் வெளியே வர, பிலோமினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். நேராக முன்வரிசை. ஒரு தடவை தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். "ஏனம்மா, இது ரிசர்வ் ஜாகா!" என்றார், பெரியவர்களுக்கு ஒதுக்கிய இடமாம்.

"அவரு பர்லி, ஏள்தீனி" என்றார் அக்கா. அவர் வரட்டும், எழுந்துகொள்கிறேன் என்று கன்னடத்தில் சொன்ன பதில் அது. சொன்னபடியே காப்பி குடித்தவர் திரும்பி வந்ததும் எழுந்தார். ஆனால் அதற்குள் வாசிப்பு முடிந்திருந்தது. அந்த வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை முழுதாகக் கேட்டது அவர்தான்.

திரும்பி நடக்கும்போது சொன்னார்: "அங்க ஒருத்தர் சட்டையில்லாம உக்காந்து அடிக்கிறாரு. இங்க எட்டுப் பேர் பித்தளைப் பொத்தான் போட்டு நடந்துக்கிட்டே அடிக்கிறாங்க. கணக்கு ஒண்ணுதான். ஒரு அடி விட்டா ரெண்டு பேருக்கும் மன்னிப்பு கெடையாது."

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத இடத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் பங்கு கோப்பை வாங்கியது. புதுச் சிவப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை. மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. கோப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு, குழுத் தலைவர் சவரிமுத்து அண்ணன் வேலியோரமாக வந்தார். வேர்வையும் சிரிப்புமாக, "எப்படி பிலோமினாக்கா?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார். அக்காவின் வாயால் கேட்க ஆசைப்பட்டார்.

"நல்லா அடிச்சீங்க சவரி. ஆனா இடது பக்கம் திரும்பும்போது ஒரு அடியை முழுங்கிட்டீங்க. கப்பு பட்டாளத்துப் பிள்ளைங்களுக்குப் போயிருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"ஜட்ஜுக்கே கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஜட்ஜு கோட்டைப் பார்த்தாரு."

"சொந்தப் பங்குக்குக் கப்பு வந்தா சந்தோஷப்படத் தெரியாதா உங்களுக்கு?"

"சந்தோஷந்தான். அதுக்காக அடிக்காத அடியை அடிச்சீங்கன்னு சொல்லச் சொல்றியா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. உனக்குக் கேட்டுச்சா?"

எனக்குக் கேட்டிருந்தது. குழுவின் கால்கள் எல்லாம் ஒரு எட்டு எடுத்து வைத்தன. அந்த எட்டுக்கு டிரம் அடி இல்லை. படியிறங்கும்போது ஒரு படி குறைந்தால் கால் வெறுமையில் விழுமே, அப்படி இருந்தது. நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதுண்ணா" என்றேன்.

பிலோமினா அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கடலை வாங்கினார். "சூடா இருக்கு, சாப்பிடு" என்றார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு மூன்று வருடத்திலும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பங்கின் கோட்டுகளுக்குக் காஜா போடும் வேலை வேறு கைக்குப் போனது. அவர் போட்டிக்குப் போவதை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை ஜன்னலைத் திறப்பதையும் நிறுத்தவில்லை. "அவங்க அடிக்கிறதைக் கேக்காம இருக்க நான் என்ன பைத்தியமா? இந்தத் தண்டுல இவங்களைவிட நல்லா அடிக்கிறவங்க ரெண்டு குழுதான்" என்பார். அவரைப் போல நம் குழுவை நேசித்தவர்கள் இங்கே யாரும் இல்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்.

நம் பங்கில் யார் இறந்தாலும் டிரம்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பெட்டிக்கு முன்னால் மெல்ல அடித்துக்கொண்டு போவது வழக்கம். குடித்தே செத்தவருக்கும் போயிருக்கிறார்கள். அப்பா போய்க் கேட்டார். "நம்ம அடிதான் அவங்களுக்குப் பிடிக்காதே. அமைதியா போகட்டும்" என்று சவரிமுத்து அண்ணன் சொல்லி அனுப்பினார். அண்ணன் கெட்டவர் இல்லை. என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோது மழையில் போய் ஜட்கா வண்டி பிடித்து வந்தவர். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

டிரம் இல்லாததால் பெட்டியைத் தூக்கிய ஆறு பேருக்கும் நடை சேரவில்லை. ஒருவர் வலது காலை எடுக்க, அடுத்தவர் இடது காலை எடுத்தார். கல்லறை வரை பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. தாளம் தவறாமல் வாழ்ந்தவரைத் தாளம் இல்லாமல் கொண்டுபோனோம். பின்னால் நடந்த எனக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்கச் சொன்னால் போதும், நடை சேர்ந்துவிடும் என்று தெரிந்தது. வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

அவருடைய தம்பி வந்து சாமான்களை எடுத்துப் போனார். கத்தரிக்கோல் வேண்டுமா என்று என்னைக் கேட்டார், வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொண்டது மூன்றாவது கல்தூண். அதை அவருடைய தம்பியால் கொடுக்கவும் முடியாது, உங்களால் எடுக்கவும் முடியாது.

போன சனிக்கிழமை இந்த வருடத்துப் போட்டி. "யாரோட போறே?" என்று அம்மா கேட்டாள். "தனியா" என்றேன். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு போகச் சொன்னாள்.

நம் குழு உள்ளே வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். முதல் அடி விழுந்ததும் திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே அத்தனை முகங்கள். சில முகங்கள் சிரித்தன. கண்ணை மூடிக்கொண்டேன். அதன் பிறகு முகங்கள் இல்லை, அடி மட்டும்தான் இருந்தது. இடது திருப்பம் வந்தது. எல்லா அடியும் இருந்தது. அவ்வளவு நன்றாக அவர்கள் அடித்து நான் கேட்டதில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் சவரிமுத்து அண்ணன் டிரம்மைக் கழற்றாமலே வேலிக்கு வந்தார்.

"என்ன பாப்பா, நீயும் முதுகு காட்ட ஆரம்பிச்சிட்டியா? சரி, சொல்லு. இன்னைக்கு எத்தனை அடி முழுங்கினோம்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "மூணு வருஷத்துக்கு முன்னாலதான் ஒண்ணு. இடது பக்கம் திரும்பும்போது. எனக்கும் கேட்டுச்சு."

அண்ணனின் கை டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த குழு மைதானத்துக்குள் வந்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.